செருப்பு வைத்துக் கட்டிய மடை

ஜூன் மாதம் வந்தால் எங்கள் வீட்டில் தினமும் இரண்டு கேள்விகள். "இன்னைக்கு எங்கம்மா போறோம்?" என்பது பிள்ளைகள் கேட்பது. "தண்ணி எதுவரைக்கும் வந்துருக்காம்?" என்பது அத்தை (என் மாமியார்) கேட்பது.

முதலாவதற்குக் காரணம் சிங்கப்பூர்ப் பள்ளிகளின் நான்கு வார விடுமுறை. இரண்டாவதற்குக் காரணம் மேட்டூர் அணை. வழக்கமாக ஜூன் 12-இல் திறக்க வேண்டிய அணையை 2024-இல் ஜூலைக் கடைசியில்தான் திறந்தார்கள். 2025-இல் சொன்ன தேதிக்குத் திறந்துவிட்டார்கள். ஆனால் மேட்டூரில் திறப்பது ஒன்று, பேராவூரணிப் பக்கம் இருக்கும் அத்தையின் வயலுக்கு வந்து சேர்வது வேறொன்று. விசிட் பாஸில் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்தாலும், அத்தையின் பாதி மனசு வாய்க்கால் கரையிலேயே நிற்கிறது. காலையில் காபி குடித்த கையோடு ஊரில் பக்கத்து வீட்டுக்கு வாட்ஸப்பில் போன் போடுவார். "கல்லணை தாண்டிருச்சா? தஞ்சாவூரு? ஒரத்தநாடு?"

இதைப் பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த என் பெரியவள் (ஏழு வயது) ஒருநாள் கேட்டாள், "அப்பாயி, தண்ணி இப்ப எந்த ஸ்டேஷன்ல இருக்கு?"

எம்ஆர்டி ரயிலிலேயே வளர்ந்த பிள்ளைக்கு அப்படித்தான் தோன்றும். தப்பும் இல்லை. எங்கள் கல்லணைக் கால்வாயும் அப்படி ஒரு லைன்தான். கல்லணையில் கிளம்பி, பூதலூர், தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக 148 கிலோமீட்டர் போய், புதுக்கோட்டை மாவட்டத்து மும்பாலை ஏரியில் முடிகிறது. மேட்டூர் அணையோடு சேர்த்து 1934 வாக்கில் வந்தது என்பதால் ஊரில் இன்னமும் 'புது ஆறு' என்றே சொல்கிறோம். காவிரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தொண்ணூறு வயசு புதுசுதானே.

இதில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. நான் பூதலூர்க்காரி. என் வீட்டுக்காரர் பேராவூரணி. நான் தலைமடை, அவர் கடைமடை. ஒரே ஆற்றின் இரண்டு நுனியில் இருப்பவர்களைப் பிடித்துக் கட்டிவைத்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள இந்தப் பதிவை முழுசாகப் படியுங்கள்.

*

பிள்ளைகளுக்கு ஒரே பிடிவாதம், தண்ணீரில் விளையாடணும். டிக்கெட் எடுத்துப் போகிற தண்ணீர்ப் பூங்காக்களின் விலையை வீட்டுக்காரர் போனில் பார்த்து, ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டு, ஒரு பெருமூச்சு விட்டார். அத்தைக்கு அந்தத் தொகையை ரூபாயில் சொன்னோம். "தண்ணியில எறங்குறதுக்கா?" என்று மட்டும் கேட்டார். அதோடு அந்த யோசனை முடிந்தது.

சிங்கப்பூரில் காசு கொடுக்காமல் தண்ணீரில் ஆட இடங்கள் நிறையவே இருக்கின்றன. மரினா அணைக்கட்டு, கரையோரப் பூந்தோட்டங்களின் சிறுவர் தோட்டம், ஜூரோங் ஏரித் தோட்டம் என்று வரிசை உண்டு. நாங்கள் தேர்ந்தெடுத்தது பீஷான் - அங் மோ கியோ பூங்கா. பஸ்ஸில் இருபது நிமிஷம் என்பது ஒரு காரணம். அந்தப் பூங்காவுக்கு நடுவில் காலாங் ஆறு ஓடுகிறது, அத்தைக்கு ஓர் ஆறாவது காட்டலாம் என்பது இன்னொரு காரணம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பை கட்டுகிற வேலை தொடங்கியது. மாற்றுத் துணி ஆளுக்கு ஒரு செட், சின்னவனுக்கு மூன்று செட். நான்கு துண்டு. புளிச்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஃபிளாஸ்க்கில் மைலோ, பாட்டிலில் மோர். எல்லாம் எடுத்தாச்சு என்று ஜிப்பை இழுக்கும்போது அத்தை தன் பங்குக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த நார்த்தங்காய் ஊறுகாய் டப்பாவைச் செருகினார். "புளிச்சோத்துக்கு எதுக்கு அத்தை ஊறுகாய்?" என்றேன். "வெளிய போறப்ப இருக்கட்டும்த்தா" என்றார். இந்த 'இருக்கட்டும்' என்ற சொல்லுக்குமேல் எந்த மருமகளும் வாதாட முடியாது.

எட்டரைக்குப் பூங்காவில் இருந்தோம். 62 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 150 ஏக்கர். "நூத்தம்பது ஏக்கரா? ஒரு வேலி ஆறே முக்கா ஏக்கரு, அப்ப இருபத்திரெண்டு வேலிக்கு மேல வருதே!" என்று அத்தை நடந்துகொண்டே மனக்கணக்கில் சொன்னார். "இம்புட்டையும் சும்மாவா போட்டு வச்சுருக்காங்க?"

*

நீர் விளையாட்டுத் திடலைப் பார்த்ததும் என் பிள்ளைகள் இருவரும் காலிலிருந்த செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினார்கள். கணுக்கால் நனைகிற அளவு தண்ணீர். ஏற்கெனவே இருபது முப்பது பிள்ளைகள். சீனம், மலாய், தமிழ், இந்தி, ஆங்கிலம் எல்லாம் கலந்து ஒரே கூச்சல். தண்ணீருக்குள் போனால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாஷையில்தான் கத்துகின்றன.

அத்தைக்கு முதலில் சந்தேகம். "ஏத்தா, இது என்ன தண்ணி? மருந்து வாடையே இல்லையே?" நீச்சல் குளத்தின் குளோரின் வாடையைச் சொல்கிறார். வீட்டுக்காரர் பதில் சொன்னார். அவர் இன்ஜினியர், இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி ஆரம்பித்துவிட்டார். இங்கே குளத்துத் தண்ணீரைச் செடிகள் வளர்ந்த பாத்திகளின் வழியாக ஓடவிடுகிறார்கள். அந்தச் செடிகளின் வேரும் அடியில் இருக்கும் மண்ணும் அழுக்கை வடிகட்டுகின்றன. பிள்ளைகள் ஆடுகிற தண்ணீரை அதற்குப் பிறகு புற ஊதாக் கதிரிலும் காட்டி எடுக்கிறார்கள்.

அத்தை முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார். "நம்ம ஊர்லயும் கொளத்துல கோரை மண்டிக் கெடந்தா தண்ணி தெளிஞ்சு கெடக்கும். அதச் சொல்றியா?"

வீட்டுக்காரர் தலையாட்டினார். பத்து நிமிஷ விளக்கம் ஒரு வரியில் முடிந்துபோன வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் பெரியவளிடமிருந்து புகார் வந்தது. திடலின் ஓரத்தில் தரை லேசாகச் சரிந்து, தண்ணீர் ஒரு சாண் அகலத்துக்கு வடிந்து ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அதில் இலைகளைப் படகாக விட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே நின்ற ஒரு பையன் தன் இரண்டு செருப்பையும் குறுக்கே வைத்துத் தண்ணீரை அடைத்துவிட்டான். கீழே இருந்த என் பெண்ணின் படகு தரைதட்டி நின்றுவிட்டது. "அம்மா, அந்த பாய் தண்ணியை ஸ்டாப் பண்ணிட்டான்!"

நான் எழுந்திருப்பதற்குள் அத்தை எழுந்துவிட்டார். சுங்குடிச் சேலையை வரிந்து செருகிக்கொண்டு, நடவு வயலில் இறங்குகிற மாதிரியே தண்ணீரில் இறங்கினார். பையனைத் திட்டப் போகிறாரோ என்று எனக்குப் பயம். அவன் சீனப் பையன், அவன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறார். அத்தையோ அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவன் வைத்திருந்த செருப்பு மடையை ஒரு நிபுணரைப்போலப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, "இப்புடி வச்சா நிக்காது சாமி" என்று தமிழிலேயே சொல்லி, செருப்பைச் சாய்த்து வைத்து, இடுக்கில் இலையைத் திணித்து அடைத்தார். கசிந்துகொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நின்றது. பையன் வாய் பிளந்து பார்த்தான்.

என் பெண் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். அப்பாயி எதிராளிக்கு மடை கட்டித் தருகிறாளே!

அத்தை அடுத்து செய்ததுதான் வேடிக்கை. கீழே ஐந்தடி தள்ளி இன்னொரு மடை, அதற்குக் கீழே இன்னொன்று. இப்படி மூன்று மடை கட்டி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிள்ளைகளைக் காவல் வைத்தார். பிறகு மேல் மடைப் பையனைப் பார்த்து விரலை நீட்டி எண்ணிக் காட்டினார். இருபது எண்ணும்வரை உன் தண்ணீர். இருபது ஆனதும் செருப்பைத் தூக்கணும். பிறகு அடுத்த மடைக்காரருக்கு இருபது. பிறகு கடைசி.

மொழிபெயர்த்தவள் என் பெண். ஐந்தே நிமிஷத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டு பிடிபட்டுவிட்டது. மேலே மாண்டரினில் எண்ணினார்கள், நடுவில் ஆங்கிலத்தில், கீழே என் சின்னவன் தமிழில் பன்னிரண்டு வரை எண்ணி, பிறகு நேராக இருபதுக்குத் தாவினான். செருப்பைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் தேங்கிய தண்ணீர் குபுக்கென்று இறங்க, படகுகள் எல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கீழே ஓடின. ஒழுங்காக ஓடிய தண்ணீரைவிட முறைவைத்து விட்ட தண்ணீரில்தான் வேகம் அதிகம்.

ஈரச் சேலையோடு வந்து உட்கார்ந்த அத்தையிடம், "முறை வச்சு விட்டுட்டீங்களே" என்றேன்.

"பின்ன? மேல உள்ளவன் அடைக்கத்தான் செய்வான். அடைக்காதன்னா கேப்பானா? எண்ணிக்கைய வச்சாத்தான் கேப்பான்" என்றார்.

கல்லணைக் கால்வாயில் தண்ணீர் குறைவாக வருகிற காலங்களில் இப்படித்தான் நாள் கணக்கு வைத்து, இந்தப் பகுதிக்கு இத்தனை நாள் என்று முறைப்பாசனம் விடுவார்கள். தலைமடையில் பிறந்த எனக்கு அது செய்தித்தாளில் படிக்கிற விஷயம். அத்தைக்கு அது ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு எழுந்து போகிற விஷயம்.

*

பத்தரை வாக்கில் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து பிடுங்கி, துடைத்து, துணி மாற்றி (சின்னவனுக்கு முதல் செட்), ஆற்றங்கரைப் பக்கம் நடந்தோம்.

காலாங் ஆறு இந்தத் தீவின் மிக நீளமான ஆறு. நீளம் என்றால் பத்து கிலோமீட்டர்தான். லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் கிளம்பி, காலாங் படுகை வழியாகக் கடலோரம் போகிறது. பூங்காவுக்குள் அது புல்வெளிகளுக்கும் பாறைகளுக்கும் நடுவே வளைந்து வளைந்து ஓடுவதைப் பார்த்தால், காலகாலமாக அப்படியே ஓடுகிறது என்றுதான் நினைப்போம். இல்லை. வீட்டுக்காரர் 2008-இல் இங்கே வேலைக்கு வந்து, அங் மோ கியோவில் நாலு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தவர். "அப்ப இது ஆறே கிடையாது. நேரா கோடு போட்ட மாதிரி ஒரு கான்கிரீட் கால்வாய். இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் பூங்கா, நடுவுல வேலி. எட்டிப் பார்த்தா அடியில ஒரு விரக்கடை தண்ணி ஓடும்" என்றார்.

அப்போது 2.7 கிலோமீட்டர் நீளம் இருந்த அந்த நேர்க் கால்வாயை உடைத்து, ஏறக்குறைய 3 கிலோமீட்டர் வளைந்து ஓடுகிற ஆறாக மாற்றினார்கள். தேசியப் பூங்காக் கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் சேர்ந்து செய்த வேலை, வடிவமைத்தது ஒரு ஜெர்மன் நிறுவனம். 2012 மார்ச்சில் புதுப்பித்த பூங்காவைத் திறந்தார்கள். கரை சரியாமல் இருக்கக் கான்கிரீட்டுக்குப் பதில் செடிகளையும் கற்களையும் வைத்துக் கட்டினார்கள். உடைத்த கான்கிரீட்டையும் வீணாக்காமல் பூங்காவுக்குள்ளேயே ஒரு குன்றாகக் குவித்து, அதற்கு 'மறுசுழற்சிக் குன்று' என்று பொருள்பட ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். ஆற்றின் குறுக்கே கல்லில் கால்வைத்துத் தாண்டிப் போக வழி உண்டு. பிள்ளைகள் அதில் நாலு தரம் போய்வந்தார்கள்.

எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். அந்த உற்சாகத்தில் அத்தையிடம் ஒரு பிரசங்கமே செய்துவிட்டேன். "பாருங்க அத்தை, இவங்க கான்கிரீட்டைப் பெயர்த்து எடுத்துட்டு ஆத்தை ஆறாவே விட்டுருக்காங்க. நம்ம ஊர்ல என்னடான்னா, புது ஆத்துக்குத் தரையெல்லாம் கான்கிரீட் கொட்டுறாங்க!"

கல்லணைக் கால்வாய்க்கு அடியிலும் பக்கவாட்டிலும் கான்கிரீட் தளம் போடும் வேலை சில வருடங்களாக நடக்கிறது. அதை எதிர்த்து எங்கள் பக்கம் விவசாயிகள் போராடினார்கள். அந்தச் செய்திகளை எல்லாம் நான் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு ஃபேஸ்புக்கில் பகிர்ந்தவள்.

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபப் பார்வை இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"ஏத்தா, நீ பூதலூருல பொறந்தவ. ஒனக்குத் தண்ணி தெறந்தா மறுநா வாசல்ல நிக்கும். வளைஞ்சு போனா என்ன, நெளிஞ்சு போனா என்ன? எனக்கு அது வந்து சேரணும்ல? நூறு மைலும் மண்ணு குடிச்ச மிச்சந்தானே எனக்கு? கான்கிரீட்டு போட்டா ரெண்டு நா முன்னாடி வந்துரும்னு சொன்னாங்க. நா போடுன்னுதான் சொன்னேன்."

நூறு மைல் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் திருத்துகிற நிலையில் நான் இல்லை.

வீட்டுக்காரர் மெதுவாகப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற சாக்கில் நழுவினார். கடைமடைக்கும் தலைமடைக்கும் நடுவில் நிற்கக் கூடாது என்று அவருக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்தே தெரியும்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் அப்பாவின் போர்வெல்லில் வருடம் முழுக்கத் தண்ணீர் இருப்பதற்குக் காரணமே புது ஆற்றின் கசிவுதான். அடியில் தளம் போட்டால் அந்தக் கசிவு நின்றுவிடும் என்பதுதான் எங்கள் பக்கத்துப் பயம். அதே கசிவுதான் அத்தைக்கு நஷ்டம். என் அப்பா கிணற்றில் ஊறுவது, அத்தை வயலுக்குப் போகாத தண்ணீர். நான் 'ஆற்றைக் காப்போம்' என்று எழுதியதில் எங்கள் அப்பாவின் போர்வெல்லும் ஒளிந்திருந்தது. அது எனக்கே தெரியவில்லை.

*

இதற்கிடையில் ஆற்றோரம் நீட்டு லென்ஸ் வைத்த கேமராவோடு ஒரு சீனத் தாத்தா நின்றுகொண்டிருந்தார். என் பெண் போய், "அங்கிள், என்ன பார்க்கிறீங்க?" என்று கேட்க, அவர் கேமராத் திரையில் படம் காட்டினார். வழுவழுப்பான முடியும் தட்டை வாலுமாக நான்கு நீர்நாய்கள், ஒன்றின் வாயில் மீன். இந்தப் பூங்காவில் வளர்ந்த நீர்நாய்க் குடும்பம் ஒரு காலத்தில் ஊரறிந்த பிரபலம். பிறகு அவை ஆற்றோடு போய் மரினா பே வரை குடித்தனம் பெயர்ந்தன.

அத்தை எட்டிப் பார்த்தார். "அட, நீர்நாயி! காவேரியிலயும் இருக்குமே. கொளத்துல மீன் விட்டுருந்தா ஒண்ணு மிச்சம் வைக்காது பீடை."

இங்கே இருக்கும் அதே நீர்நாய் இனம்தான் காவிரியிலும் இருப்பது. நான் அத்தை சொன்னதை மொழிபெயர்த்ததும் தாத்தா சிரித்துவிட்டார். இங்கேயும் வீட்டுத் தொட்டியில் வளர்த்த கோய் மீன்களை நீர்நாய் வந்து தின்றுவிட்டுப் போன கதைகள் நிறைய என்றார். பாஷை தெரியாத இரண்டு பெரியவர்கள் ஒரு பிராணியைத் திட்டுவதில் ஒற்றுமையானார்கள்.

*

பதினொன்று அடித்ததும் மேற்கே வானம் கறுத்தது. ஜூனில் இது வழக்கம். மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் கிளம்பி அடித்துக்கொண்டு வருவதால் 'சுமத்ரா' என்றே பெயர் வைத்திருக்கும் காற்று மழை. ஒரு பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் புளிச்சாதம் ரசம் சாதமாகியிருக்கும். ஓடிப்போய்க் கூரை போட்ட ஓர் இடத்தில் நின்றோம். கேமராத் தாத்தாவும் வந்து சேர்ந்தார்.

மழை அடித்தது பாருங்கள். எதிரே இருந்த மரங்கள் தெரியவில்லை. சற்று நேரத்தில் ஆற்றோரமாக விளக்குகள் மின்ன ஆரம்பித்தன, சைரன் சத்தமும் வந்தது. ஆற்றில் தண்ணீர் மட்டம் ஏறுவதை அளக்கும் கருவிகள் வைத்திருக்கிறார்கள். மட்டம் ஏறத் தொடங்கினாலே, கரையில் இருப்பவர்கள் மேலே ஏறிவிடுங்கள் என்று எச்சரிக்கை போய்விடும். கரையின் சரிவு மெதுவாக இருப்பதால் யாரும் முட்டிமோதி ஏற வேண்டியதில்லை, நடந்தே மேலே வந்துவிடலாம்.

அரைமணி நேரத்துக்கு முன்னால் பிள்ளைகள் தாண்டி விளையாடிய கற்களைக் காணோம். பிறகு அதன் கரையிலிருந்த புல்லைக் காணோம். ஒரு வாய்க்கால் அளவுக்கு இருந்த ஆறு கண்முன்னாலேயே அகலமாகி, புல்வெளியில் ஏறிப் படர்ந்துகொண்டிருந்தது. "நல்ல மழைன்னா நூறு மீட்டர் அகலம் வரைக்கும் போகும். அதுக்குத்தான் இவ்வளவு இடம் விட்டுருக்கு. பூங்காவே வெள்ளத்துக்குள்ள நிக்கிற மாதிரிதான் கட்டியிருக்கு" என்றார் வீட்டுக்காரர்.

அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"இது படுகைடா."

'சும்மாவா போட்டு வச்சுருக்காங்க' என்று காலையில் கேட்ட இருபத்திரண்டு வேலிக்கு அவரே பதில் கண்டுபிடித்துவிட்டார்.

டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஓடுகிற தண்ணீருக்கும் உயரமான கரைக்கும் நடுவில் கிடக்கும் நிலம்தான் படுகை. வெள்ளம் வந்தால் அது ஆற்றுக்கு, வடிந்தால் மனுஷருக்கு. வாழை போடுவார்கள், காய்கறி போடுவார்கள், நாணல் அறுப்பார்கள். விவரம் தெரிந்த யாரும் அதில் வீடு கட்ட மாட்டார்கள். கொள்ளிடம் என்ற பெயரையே 'வெள்ளத்தைக் கொள்ளும் இடம்' என்று எங்கள் பக்கம் பிரித்துச் சொல்வதுண்டு. காவிரியில் மிஞ்சுகிற வெள்ளத்தை வாங்கிக்கொள்வது அதுதான்.

"எங்க அம்மா ஊரு கொள்ளிடக்கரை" என்றார் அத்தை. "படுகையில வாழை போட்டுருப்பாங்க. வெள்ளம் வந்தா போச்சு. எங்க தாத்தா கரையில நின்னு பாப்பாரு. அழ மாட்டாரு. 'அது எடம், அது படுத்துட்டுப் போவுது'ம்பாரு."

பல வருடமாக நான் 'ஜெர்மன்காரர்கள் கண்டுபிடித்த அதிசயம்' என்று விருந்தாளிகளுக்குக் காட்டிக்கொண்டிருந்த பூங்காவுக்கு, அத்தை ஒரே மழையில் எங்கள் ஊர்ப் பெயர் வைத்துவிட்டார்.

"அப்ப புது ஆத்துக்கு மட்டும் கான்கிரீட்டா அத்தை?" என்று வம்புக்கு இழுத்தேன்.

"புது ஆறு ஆறாத்தா? அது வாய்க்கா. மனுசன் வெட்டுனது, கணக்குப் பாத்துக் கொண்டாந்து சேக்குறதுக்கு. ஆறு வேற, வாய்க்கா வேற. ஆத்தைப் புடிச்சு வாய்க்கா ஆக்குனா தப்பு, இவங்க முன்ன செஞ்சாங்களே அதுமாரி. வாய்க்கா ஒழுவுனா அடைக்கத்தான் வேணும்."

"எங்கப்பா போர்வெல்?"

கொஞ்சம் யோசித்தார். "ஒங்கப்பாவையும் பாக்கணும்தான். அதான் முறைங்கறது."

இரண்டு இடத்திலும் கான்கிரீட்டைத் தேடிப் போனதற்குக் காரணம் வேகம்தான் என்று வீட்டுக்காரர் சொன்னார். வருடத்துக்கு 2,400 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிற தீவு இது. முன்பெல்லாம் இங்கே வெள்ளம் பெரிய தொல்லை, பெய்ததை எவ்வளவு சீக்கிரம் கடலில் தள்ளுகிறோமோ அவ்வளவு நல்லது என்று ஆறுகளை நேராக்கினார்கள். 2008-இல் மரினா அணைக்கட்டு வந்தபிறகு காலாங் ஆற்றின் முகத்துவாரமே குடிநீர்த் தேக்கமாகிவிட்டது. இன்று தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழை நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. தள்ளிவிட வேண்டிய தண்ணீர், குடிக்க வேண்டிய தண்ணீராகிவிட்டதால், இனி அது நிதானமாக, செடிகளுக்குள் தெளிந்து வந்தால்தான் நல்லது. எங்கள் கால்வாய்க்கு நிதானம் கட்டுப்படியாகாது. அதற்கு முன்னால் 148 கிலோமீட்டரும், பின்னால் காய்ந்த நாற்றங்காலும் இருக்கின்றன.

மழை விட்டது. புளிச்சாதத்தைப் பிரித்தோம். கேமராத் தாத்தாவுக்கும் ஒரு தட்டு. எல்லோரும் கேட்டு வாங்கித் தின்றது எது தெரியுமா? நார்த்தங்காய் ஊறுகாய். அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலேயே ஜெயித்துவிட்டார்.

*

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். நீர் விளையாட்டுத் திடல் பராமரிப்புக்காக மூடியிருக்கிறதா என்று கிளம்புமுன் இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வழுக்காத செருப்பு முக்கியம் (மடை கட்டவும் உதவும்). சின்னப் பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி நீங்கள் நினைப்பதைவிட ஒரு செட் கூடுதலாக வேண்டும். எங்கள் சின்னவன் மூன்றாவது செட்டில் வீடு திரும்பினான், அதுவும் ஈரமாக. ஆற்றோரம் விளக்கு மின்னினால் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்காமல் மேலே ஏறிவிடுங்கள். இடி மின்னலில் மரத்தடி வேண்டாம். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்திருந்தால் அவசியம் கூட்டிப் போங்கள், ஆற்றைக் காட்டிவிட்டு நீங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். நான் செய்யாமல் விட்டது அதுதான்.

*

சாயங்காலம் அத்தை வழக்கம்போலப் போன் போட்டார். நான் சமையல்கட்டில் இருந்தேன். ஸ்பீக்கரில் பக்கத்து வீட்டக்காவின் குரல் கேட்டது. தண்ணீர் பட்டுக்கோட்டைப் பக்கம் வந்துவிட்டதாம். ஆனால் மேலே ஏரிகளுக்கு விட்டுக்கொண்டிருக்கிறார்களாம், கீழே இறங்க இன்னும் சில நாள் ஆகலாமாம். அத்தை "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

தலைதுவட்டிக்கொண்டு வந்த பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தண்ணி எந்த ஸ்டேஷன் அப்பாயி?"

"பட்டுக்கோட்டை. அங்கயே நிக்குதாம்."

பிள்ளை கொஞ்சம் யோசித்தாள்.

"அங்க யாராவது எண்ணிக்கிட்டு இருப்பாங்க அப்பாயி. இருபது வந்ததும் செருப்பைத் தூக்கிருவாங்க."